நாற்பத்தைந்தாவது நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு பதினேழு. என் மகளின் போன் அணைந்திருப்பதாக முதன்முதலில் எனக்குத் தெரிந்த நேரம் அது. அதற்கு முன் நான்கு ஐந்துக்கும் நான்கு பதினொன்றுக்கும் கூப்பிட்டிருந்தேன். மணி அடித்தது, அவள் எடுக்கவில்லை. மணி அடித்தும் எடுக்காவிட்டால் கோபம் என்று வைத்துக்கொள்ளலாம். அணைந்துவிட்டால் என்னவென்று வைத்துக்கொள்வது? அந்த மூன்று அழைப்புகளும் இன்னும் என் போனில் இருக்கின்றன. அழிக்க மனம் வரவில்லை.

கோபம் என்மீதுதான். இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் தொடங்கியது. அவள் துவாக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் போய்வருகிறாள். ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"கடைசி வருஷம் முடிச்சுடறேன்மா. ஆனா இன்டர்வியூ எதுலயும் உக்கார மாட்டேன். சென்னையில சவுண்ட் ரெக்கார்டிங் கோர்ஸ் இருக்கு. அதுல சேரப் போறேன்."

நான் நிதானமாகத்தான் ஆரம்பித்தேன். வேலைக்குப் போய்விட்டுப் பிறகு பார்க்கலாம் என்றேன். எங்கே தங்குவாய், யாரைத் தெரியும் என்றேன். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பயம் வந்தால் எனக்கு வாய் கெட்டுவிடும்.

"அந்தத் தூங்கி வழியிற பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் உனக்குப் புத்தி இப்படிப் போகுது. அது ஒரு பாட்டா? கெணத்துக்குள்ள இருந்து யாரோ கூப்பிடுற மாதிரி."

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "நீ அதைக் கேட்டதே இல்ல. கேக்காததப் பத்திப் பேசாதம்மா."

நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். வாயைத் திறக்காமலே ஒரு பொய் சொல்லிவிட்டேன் என்பது அங்கே போய்க் குழாயைத் திறந்தபோது உறைத்தது.

ஏனென்றால் நான் அதைக் கேட்டிருக்கிறேன். அவள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே.

அப்போது எங்கள் வீடு தென்னூரில் இருந்தது. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். என் வகுப்புத் தோழி ஒருத்தியின் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். விடுமுறைக்கு வந்தவர் ஒரு அந்நிய நாட்டு இசைக்குழுவின் இரண்டு ஆல்பங்களைக் கேசட்டாகக் கொண்டுவந்திருந்தார். ஒரு பெண், மூன்று ஆண்கள். அட்டையில் முகம் எதுவும் இல்லை, தண்ணீரில் கலங்கிய நீல நிறம் மட்டும். அவர் மறுபடி கப்பலேறுவதற்குள் நாங்கள் அதைப் பிரதி எடுத்தாக வேண்டும். மெயின்கார்டு கேட் அருகில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. அந்தக் காலத்தில் எல்லோரும் சினிமாப் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்துப் பதிந்து வாங்குகிற கடை. நாங்கள் தொண்ணூறு நிமிட வெற்றுக் கேசட் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். ஒரு பக்கத்துக்கு ஓர் ஆல்பம்.

கடைக்காரர் மறுநாள் கேசட்டைத் தந்தபோது முதுகில் 'இங்கிலீஷ் – சாஃப்ட்' என்று எழுதியிருந்தார். இரண்டாவது ஆல்பம் நாற்பத்தேழு நிமிடம் ஓடக்கூடியது. கேசட்டின் ஒரு பக்கம் நாற்பத்தைந்துதான். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்திருந்தது. போய்க் கேட்டோம்.

"முக்காப் பாட்டு வந்துருச்சுல்ல, அப்புறம் என்னம்மா?" என்றார். "அதுக்கு மேல அந்தம்மா புதுசா என்ன பாடிடப் போகுது?"

அண்ணனின் கேசட்டுகள் கப்பலேறிவிட்டன. எங்களிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

இந்த வகை இசைக்கு ட்ரீம் பாப் என்று பெயர் என்பதே பிற்பாடு என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது எங்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை. கிடார் ஒலி கிடார் போலவே இருக்காது, பனிமூட்டத்தில் எரியும் தெருவிளக்கு மாதிரி, எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று தெரியாது. அந்தப் பெண்ணின் குரல் எல்லாவற்றுக்கும் பின்னால், அடுத்த அறையில் தனக்குத்தானே பாடிக்கொள்வது போல இருக்கும். வார்த்தைகள் புரியாது. என் ஆங்கிலம் போதவில்லை என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஊர்க்காரர்களுக்கே புரியாதாம்.

என் அப்பா கூடத்தைக் கடந்து போகும்போது ஒருமுறை நின்று கேட்டுவிட்டு, "என்ன, பேட்டரி தீந்துபோச்சா?" என்றார்.

தோழியும் நானும் மதிய நேரங்களில் அந்த இரண்டாம் பக்கத்தைக் கேட்போம். கடைசிப் பாட்டில் அந்தப் பாடகியின் குரல் ஒரு படி மேலே ஏறும். இன்னொரு படி ஏறக் காலைத் தூக்கும். அப்போது டேப் தீர்ந்து, பொத்தான் டக் என்று மேலே எழும்பும். மிச்சத்தை என் தோழி கண்ணை மூடிக்கொண்டு முனகி முடிப்பாள். ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி முடிப்பாள். வருடக்கணக்கில் அதுதான் எனக்கு அந்தப் பாட்டின் முடிவாக இருந்தது.

அவள் திருமணமாகி வெளிநாடு போனாள். சில கடிதங்கள் வந்தன, பிறகு வரவில்லை. நானும் திருமணமாகி ஸ்ரீரங்கம் வந்தேன், பள்ளியில் கணக்கு டீச்சர் ஆனேன். கேசட் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. அதைப் போட்டுக் கேட்க இப்போது வீட்டில் கருவி இல்லை. போனில் தேடினால் அந்தக் கடைசி இரண்டு நிமிடமும் ஒரு நொடியில் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். நான் தேடவில்லை. அதைக் கேட்டுவிட்டால் என் தோழியின் முனகல் போய்விடும் என்று ஒரு பயம்.

என் மகள் அந்தக் குழுவைத் தானாகவே கண்டுபிடித்தாள். பதினெட்டு வயதில் ஒரு நாள் அவள் அறையிலிருந்து அந்தக் குரல் வந்தது. நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டரை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். உள்ளே போய், "இது எனக்குத் தெரியும்" என்று சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாள் சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் சொல்லாததே பழகிவிட்டது.

அவள் அந்தக் குழுவைப் பற்றி இணையத்தில் எழுதுவாள். ரசிகர்கள் கூடும் ஒரு பக்கம் இருக்கிறது. குழு நான்கு ஆல்பங்களோடு கலைந்துவிட்டது, அந்தப் பெண் இப்போது பாடுவதே இல்லை. ஆனாலும் எங்கெங்கோ இருப்பவர்கள் அங்கே வந்து எழுதுகிறார்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில் தன் அப்பாவின் கட்டிலருகே முதல் ஆல்பத்தைக் கேட்டதை எழுதியிருந்தார். மூன்றாவது ஆல்பத்தில் டிரம்ஸ் சத்தம் கூடிவிட்டது, குழு விலைபோய்விட்டது என்று பாதிப் பேர் திட்டுவார்கள். என் மகள் விடாமல் அதற்காக வாதாடுவாள். 'மூன்றாவதில்தான் அவள் முதல்முறையாக நம்மைத் திரும்பிப் பார்க்கிறாள்' என்று எழுதியிருந்தாள். இதையெல்லாம் நான் அவளுக்குத் தெரியாமல், பள்ளி இடைவேளையில், ஆசிரியர் அறையில் உட்கார்ந்து படிப்பேன். என் பெண் இவ்வளவு நன்றாக எழுதுவாள் என்று யாரிடமும் சொல்ல முடியாத பெருமை.

அவள் எழுதியதில் இரண்டாவது ஆல்பத்தின் கடைசி இரண்டு நிமிடத்தைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. அந்த இடத்தில் மட்டும் நான் விரலால் வேகமாகத் தள்ளிவிடுவேன்.

அந்த ஞாயிறு அவள் பகல் பன்னிரண்டுக்குக் கிளம்பினாள். என்னிடம் சொல்லவில்லை. என் கணவரிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவருக்குக் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி. வாரம் முழுக்க விடிகாலையில் எழுந்து போகிறவர், ஞாயிறு மதியம் தூங்கினால் வீடு இடிந்தாலும் தெரியாது. நான்கு பதினேழுக்கு அவரை எழுப்பினேன்.

"துவாக்குடியில ஃப்ரெண்டு ரூமுக்குப் போறேன்னா. ஏதோ மெஸ்ஸு மாடின்னா. வேற என்னமோகூடச் சொன்னா."

"என்ன சொன்னா?"

"அது நெனவில்ல. தூக்கக் கலக்கம்."

"போன் ஆஃப் ஆயிருக்குங்க."

"சார்ஜ் தீந்திருக்கும். ஏன் இப்படிப் பதறுற? காபி போடு."

நான் காபி போடவில்லை. செருப்பை மாட்டினேன். அவர் எழுந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார். "சரி, போயிட்டு வா. நான் வீட்ல இருக்கேன். அவ வந்தா உனக்குப் போன் பண்றேன். நீ பாத்தா எனக்குப் பண்ணு" என்றார்.

சத்திரம் பஸ் நிலையம் போகும் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. கோடை, ஆற்றில் மணல்தான். நடுவில் ஒரு கோடு போலத் தண்ணீர், அதில் முழங்கால்கூட நனையாது. ஆறு வறண்டிருப்பதைப் பார்த்து அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏன் என்பதை எழுத விரும்பவில்லை.

சத்திரத்தில் துவாக்குடி பஸ் மாறினேன். பால்பண்ணை, காட்டூர், திருவெறும்பூர் என்று பஸ் நின்று நின்று போனது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் அவளுக்குப் போன் செய்தேன். அணைந்திருப்பதாகச் சொல்லும் அந்தப் பதிவுக் குரல் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "யாருங்க, பொண்ணா? என் பொண்ணும் எடுக்க மாட்டா" என்று சொல்லிக் கடலை உருண்டை ஒன்று கொடுத்தார். அதைக் கையிலேயே வைத்திருந்தேன். இறங்கும்போது பிசுபிசுத்துப் போயிருந்தது.

துவாக்குடியில் மாணவர்கள் அறையெடுத்துத் தங்கும் தெருவில் மூன்று மெஸ் இருந்தன. முதல் இரண்டின் மாடியிலும் துணிதான் காய்ந்தது. மூன்றாவதில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் மகளின் படத்தைப் போனில் காட்டினேன்.

"மேலதான் இருக்கு இந்தப் பாப்பா. ஆறேழு பேரு இருக்குதுங்க" என்றார். "ஜன்னலெல்லாம் சாத்திக்கிட்டு, இந்த வேக்காட்டுல ஃபேன்கூடப் போடல. ஏன்டா அவிஞ்சு சாகுறீங்கன்னா, ஃபேன் சத்தம் பாட்டுக்கு ஒத்துக்காதாம். காசு குடுத்துப் படிக்க அனுப்பினா இந்தக் கூத்து."

மாடிப்படி வெளிப்பக்கம் இருந்தது, வெயில் பட்டுச் சுவர் கொதித்தது. கைப்பிடியைப் பிடித்து ஏறினேன். மேலே ஒரே கதவு. தட்டக் கை ஓங்கினேன்.

உள்ளே இரண்டாவது ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசிக்கு முந்தைய பாட்டு, முடியப்போகிற இடம்.

தட்டியிருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரமாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவள் நான். ஆனால் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அந்த இசையைக் கேட்கிறவர்கள் அந்த இடத்தில் கதவைத் தட்ட மாட்டார்கள். கையை இறக்கிப் படியில் உட்கார்ந்தேன். என் கணவருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதுகூட அப்போது தோன்றவில்லை.

கடைசிப் பாட்டு தொடங்கியது. கதவுக்கு இந்தப் பக்கம் மங்கலாகத்தான் கேட்டது. எப்போதுமே அது மங்கலாகக் கேட்கிற பாட்டுத்தானே. குரல் ஒரு படி ஏறியது. இன்னொன்றுக்குக் காலைத் தூக்கியது. என் தோள்கள் தாமாகவே இறுகின, டக் என்ற சத்தத்துக்காக.

அது வரவில்லை. அந்தப் பெண் ஏறினாள். நான் இருபது வயதில் நிறுத்திவைத்த இடத்திலிருந்து அவள் இத்தனை வருடம் கழித்து ஏறினாள். பிறகு குரல் நின்றுவிட்டது. கிடார்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக விலகிப் போயின, எல்லோரும் போனபிறகு கடைசி ஆள் விளக்கை அணைக்கிற மாதிரி. அவ்வளவுதான். மிக அழகாக இருந்தது. ஆனாலும் என் தோழி முனகிய முடிவு இதைவிட நன்றாக இருந்தது என்று சொன்னால் ரசிகர்கள் என்னுடன் சண்டைக்கு வருவார்கள். அவள் எந்த ஊரில் இருக்கிறாளோ. இந்த இரண்டு நிமிடத்தை அவள் கேட்டாளா? கேட்டிருந்தால் என்னை நினைத்தாளா? படியில் உட்கார்ந்து அழுதேன். மகளுக்காக அழுததா, தோழிக்காக அழுததா என்று பிரிக்கத் தெரியவில்லை.

கதவு திறந்தது. வியர்வையில் குளித்த ஒரு மாணவி காலித் தண்ணீர்ப் புட்டியோடு வந்து என்மேல் இடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, யாரு வேணும் உங்களுக்கு?"

அவளுக்குப் பின்னால் என் மகள். பாயில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள். "அம்மா. நீ எப்படி இங்க?"

"போன் ஆஃப்ல இருந்துச்சு."

"எல்லாரும் ஆஃப் பண்ணிட்டோம்மா. நாலு ஆல்பமும் வரிசையா, போன் கூடாது, ஃபேன் கூடாது, பாட்டு ஓடறப்ப பேசக் கூடாது. இந்தக் குழுவ ரசிக்கறவங்க எல்லா ஊர்லயும் இன்னைக்கு இப்படித்தான் கேக்கறாங்க. அப்பாகிட்ட சொல்லிட்டுத்தான வந்தேன், ஏழரை வரைக்கும் போன் இருக்காதுன்னு."

அவர் மறந்த அந்த 'வேற என்னமோ' இதுதான்.

அவள் என் கண்ணைப் பார்த்தாள். அழுததைப் பார்த்துவிட்டாள். நான் வாயைத் திறந்தேன், திட்டத்தான் போகிறேன் என்று எனக்கே தோன்றியது.

"எங்க கேசட்ல இந்தக் கடைசிப் பாட்டு முழுசா வராது" என்றேன். "அவ ரெண்டாவது தடவ மேல போறப்ப டேப் முடிஞ்சிரும்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு ஒருவன், "ஆன்ட்டி, உங்ககிட்ட ஒரிஜினல் டேப் இருக்கா?" என்றான்.

"இல்லப்பா. மெயின்கார்டு கேட்ல பதிஞ்சது."

"திருட்டுக் கேசட்டா? ஆன்ட்டி சூப்பர்" என்றாள் புட்டிக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவில்லை.

"எப்ப கேட்ட?"

"காலேஜ் படிக்கிறப்ப."

"வெள்ளிக்கெழம நான் அவ்வளவு சொன்னேனே. அப்ப ஏம்மா சொல்லல?"

இதற்குப் பதில் அங்கே நின்றபோதுதான் வந்தது.

"சொன்னா, உன்னை விட வேண்டியிருக்கும். பிடிச்சது எதுன்னு தெரிஞ்சும் போகாதன்னு எப்படிச் சொல்றது? அதான் தெரியாத மாதிரியே இருந்துட்டேன்."

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்படி அவள் என்னைப் பார்த்ததில்லை. அந்தச் சில நொடிகளில் அவள் கையில் இருந்தது சென்னைப் படிப்பு அல்ல, நான்தான். என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அவள் யோசித்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"போனக் குடு."

கொடுத்தேன். அவளே அதை அணைத்து, மூலையில் அடுக்கியிருந்த போன்களின் மேல் வைத்தாள். "மூணாவது ஆல்பம் கேட்டிருக்கியா?"

"இல்ல. அது எங்க கைக்கு வரல."

"ஆன்ட்டி, அது ஓடி முடியறதுக்குள்ள நீங்க கீழ போய் டீ குடிச்சுட்டு வந்துரலாம்" என்றான் அந்தப் பையன்.

"நீ வாய மூடு" என்றாள் என் மகள். பாயில் தள்ளி உட்கார்ந்தாள்.

ஜன்னலை மறுபடி சாத்தினார்கள். மூன்றாவது ஆல்பம் எனக்கு உடனே பிடித்துவிடவில்லை. டிரம்ஸ் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் நான்காவது பாட்டில் குரல் முன்னால் வந்தது, அவள் எழுதியிருந்தபடியே, திரும்பிப் பார்க்கிற மாதிரி. நான் மகளைப் பார்த்தேன். எனக்கு எந்த இடத்தில் புரியும் என்று தெரிந்தவள் போல அவள் முன்பே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் ரவிக்கை முதுகோடு ஒட்டிவிட்டது. அவள் கையிலிருந்து வியர்வை என் கைக்கு வழிந்தது. அடுத்த வருடம் இந்நேரம் அவள் சென்னையில் இப்படி ஓர் அறையில் இருப்பாள், நான் ஸ்ரீரங்கத்தில் கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருப்பேன் என்று நினைத்தேன். பக்கத்திலேயே இருக்கிறவளுக்காக அப்போதே ஏங்க ஆரம்பித்திருந்தேன்.

நான்காவது ஆல்பம் சிறியது. குழு கலையப்போவது தெரிந்தே செய்தது என்பார்கள். அதில் ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நீளமான இடைவெளிகள் உண்டு. அப்படி ஓர் இடைவெளியில், மாடிப்படியில் தடதடவென்று செருப்புச் சத்தம் கேட்டது. கதவு படபடவென்று தட்டப்பட்டது. புட்டிக்காரி எழுந்து திறந்தாள்.

என் கணவர். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. ஸ்கூட்டர் சாவி கையில் ஆடியது. மூச்சு வாங்கியது. இருட்டிலும் புழுக்கத்திலும் வரிசையாகப் பாயில் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தார், மூலையில் அடுக்கிக் கிடந்த போன்களைப் பார்த்தார். கண் எங்கள் இருவர்மேலும் வந்து நின்றது.

"ரெண்டு பேரும் போன ஆஃப் பண்ணிட்டா, நான் யாருக்குப் போன் பண்றது?"